கை நின்ற பக்கங்கள்

போன ஆண்டு காட்பாடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் கூட்டம். பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள்; அதில் மூன்று பேர் மசால் வடை வரும்வரை மட்டும் இருந்தவர்கள். எத்தனையோ மேடைகளில் சொல்லிப் பழகிய கதையைத்தான் அன்றும் சொன்னேன். பாக்கெட் நாவலில் தொடங்கினேன், சுஜாதாவுக்கு வந்தேன், பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யை ஒரே மூச்சில் படித்தேன், அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்த நாவலை நினைத்தால் மூக்கில் புகையிலை வாசம் வருகிறது, நல்ல எழுத்து புலன்களை எப்படி எழுப்புகிறது பாருங்கள் என்று ஒரு அழுத்தம் கொடுத்து முடித்தேன். வெகுஜன எழுத்து படிக்கட்டு, இலக்கியம் மாடி. கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் ஒரு அம்மாள் எழுந்தார். வாலாஜாபேட்டையில் பிறந்தவராம்; மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் முப்பது வருடம், பெரும்பாலும் இரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர். "சார், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே நான் மு.வ.வை முழுக்கப் படித்துவிட்டேன். வேலைக்கு வந்த பிறகு ராத்திரி கண் விழிக்க ராஜேஷ்குமார் படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்கும் அதுதான். நீங்கள் சொல்கிற கணக்குப்படி நான் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டேனா?" என்றார். குரலில் கேலி இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான் கேட்டார். நான் ரசனை, காலம், மனநிலை என்று எதையோ உருட்டினேன். அவர் தலையசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். பதில் வராது என்று தெரிந்துகொண்ட தலையசைப்பு அது. திரும்பும்போது பஸ் பாலாற்றுப் பாலத்தில் நெரிசலில் நின்றது. கீழே தண்ணீர் இல்லாத ஆறு, மணலும் சீமைக்கருவேலமும். அந்தக் கேள்வி என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வீடுவரைக்கும் வந்தது.

முதலில் மு.வ. மாடியா, படிக்கட்டா? அதுவே எனக்குத் தெளிவாக இல்லை. மு.வ. என்கிற மு. வரதராசன் வாலாஜா பக்கத்து வேலம் கிராமத்துக்காரர். எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் எவர்சில்வர் குடத்துக்கு அடுத்தபடியாக வந்து குவிந்தவை அவருடைய புத்தகங்கள்தான். 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது. ஆனால் நான் இலக்கியக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கிய காலத்தில், மு.வ. என்றாலே 'அறிவுரை' என்று சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன். லட்சக்கணக்கானவர்கள் படித்ததால் அவர் வெகுஜனம். பரிசு வாங்கியதால் இலக்கியம். உபதேசம் செய்ததால் இரண்டும் இல்லை. படிக்கட்டில் அவரை எந்தப் படியில் உட்காரவைப்பது?

உறுப்பினர் எண் 212

இதற்கு நாலைந்து மாதம் கழித்து, வேலூர் லாங்கு பஜார் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த பழைய வாடகை நூல்நிலையத்தின் இடத்தை விற்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடை மூடிப் பல வருடம் ஆகிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார். அவர் மகன் கட்டுக்கட்டாகப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துக் காக்கி அட்டை போட்ட பைண்டிங்குகள்தான் பெரும்பாலும். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ஊதா மையில் ரப்பர் முத்திரை: 'வேலூர், வ.ஆ. மாவட்டம்'. 1989-இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து பெயர் மாறிய பிறகும் அந்த முத்திரையை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. நான் பத்துப் பன்னிரண்டு பைண்டிங்குகளை எடுத்துக்கொண்டேன். கூடவே, யாருக்கும் வேண்டாத நீள நோட்டு ஒன்றையும்.

அது உறுப்பினர் கணக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம், பக்கம் தீர்ந்தால் பின்னால் தொடர்ச்சி. எங்கள் எண் 212. புத்தக எண், பெயர், எடுத்த தேதி, திரும்பிய தேதி, வாடகை. கடைசிக் கட்டத்தில் யார் வந்து எடுத்தார்கள் என்பதற்கு அவர் ஒரு சங்கேதம் வைத்திருந்தார். 'சா' என்றால் சார், அதாவது என் அப்பா. 'பை' என்றால் பையன், நான். 'அ' என்றால் அத்தை. கொசப்பேட்டையில் எங்களோடு இருந்த, அப்பாவின் அக்கா.

என் வீரப்பிரதாபத்தை நேரில் பார்க்கும் ஆசையோடு 1994 மே மாதத்துக்குப் புரட்டினேன். இருந்தது. 'புளியமரம் கதை – பை'. எடுத்த தேதி 9. திரும்பிய தேதி 10.

மறுநாளே திருப்பியிருக்கிறேன். ஒரே மூச்சில் படித்தால் ஒரு நாளில் முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் 10-ஆம் தேதியே இரண்டு க்ரைம் நாவல், 12-ஆம் தேதி இன்னும் இரண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்வரை எண்ணிப் பார்த்தேன்: பத்தொன்பது. திரும்பிப் பார்க்காதவனின் லட்சணம் இது. இலக்கியத்தை முதல் முறை பார்த்தவுடன் நான் செய்த காரியம், அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கொலைக் கதை வாங்கி வந்ததுதான்.

பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். 1996 ஏப்ரலில் அதே புத்தகம் மறுபடி வந்திருந்தது. பதினாறு நாள் எங்கள் வீட்டில் இருந்திருக்கிறது. தாமத அபராதம் மூன்று ரூபாய் என்று எழுதி, அதன் கீழே கோடு போடப்பட்டிருந்தது. கடைசிக் கட்டத்தில் 'அ'.

முறமும் புத்தகமும்

அத்தை பீடி சுற்றுவார். எங்கள் ஊரில் இதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் ராத்திரி இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பது, காலையில் தகடு வைத்துக் கத்தரிப்பது, மடியில் முறம், முறத்தில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள், கட்டைவிரலில் நூல். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பதால் ஆயிரம் என்பதுதான் நாளின் அளவு. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சோற்றுக்கு எழுந்த நேரம் போக மாலைவரை. கண்ணும் கையும் அங்கே கட்டிப்போடப்பட்டிருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுக்குத்தான் நான். லீவு நாட்களில் திண்ணையில் அவர் எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பது என் வேலை. ஒரு புத்தகத்துக்கு நாலணா என்று தொடங்கி எட்டணாவரை கூலி உயர்ந்தது.

நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நாவலை நான் படித்திருக்கிறேன், உண்மை. படித்தது எனக்காக இல்லை. அந்தப் புகையிலை வாசம் சுந்தர ராமசாமியின் எழுத்திலிருந்து வந்தது இல்லை. அத்தையின் முறத்திலிருந்து வந்தது. இதைத்தான் இருபது வருடமாக மேடையில் புலன், படிமம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன்!

வாய்விட்டுப் படிக்கும்போது புத்தகங்கள் வேறு மாதிரி ஆகிவிடுகின்றன. அச்சில் மின்னுவது நாக்கில் மின்னாது. சாண்டில்யனை எடுத்துக்கொள்ளுங்கள். 'கடல் புறா' மூன்று பாகம். கடல், கப்பல், சூழ்ச்சி எல்லாம் வாய்க்குக் கம்பீரமாக வரும். ஆனால் கதாநாயகி வந்து நின்றுவிட்டால் வருணனை கழுத்திலிருந்து கீழே இறங்கத் தொடங்கும். பதினைந்து வயதுப் பையன் அத்தை முன்னால் அதை எப்படிப் படிப்பான்? அந்த இடம் வந்ததும் "அவள் மிகவும் அழகாக இருந்தாள்" என்று ஒரே வரியில் சொல்லி ஒன்றரைப் பக்கம் தாண்டிவிடுவேன். அத்தை நிமிராமலே, "அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதா கண்ணு?" என்பார். அவர் அந்தத் தொடர்களை எல்லாம் வாரப் பத்திரிகையில் தானே படித்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சுஜாதா வேறு விதமான தொல்லை. ஒருவன் மாடிப்படி இறங்குகிறான் என்றால் எழுத்துகளையே படிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சடித்திருப்பார்கள். அதை எப்படிச் சத்தமாகப் படிப்பது? புத்தகத்தைத் திருப்பி அத்தையிடம் காட்ட வேண்டும். அவர் கையை நிறுத்தாமல் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரிப்பார். அவருடைய இளம் வக்கீல் வசந்த் அடிக்கும் ஜோக்குகளில் பாதி எங்கள் திண்ணையில் விழுந்து உடைந்தன. கண்ணுக்காக எழுதிய மனிதர் அவர். குறையாகச் சொல்லவில்லை, சத்தமாகப் படித்தால்தான் அது தெரிகிறது. ராஜேஷ்குமார் காதுக்கு மிகவும் ஏற்றவர். ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில், அடுத்தது வேறெங்கோ, இரண்டும் எங்கே சேரும் என்று அத்தை பந்தயம் கட்டுவார், பெரும்பாலும் ஜெயிப்பார். ஒரு பாக்கெட் நாவல் முடிய முந்நூறு பீடி ஆகும். ரமணிசந்திரன் இருநூற்றைம்பது, ஏனென்றால் அதில் எந்த இடத்தில் எதைத் தாண்டலாம் என்று இருவருக்கும் தெரியும்.

'பொன்னியின் செல்வ'னுக்குத் தனி மரியாதை. வந்தியத்தேவன் வாணர் குலத்தவன் என்று வருகிறதல்லவா, வாணர்களின் ஊர் நம் திருவல்லம் என்று பள்ளி வாத்தியார் யாரோ அத்தையிடம் சொல்லியிருக்கிறார். அதோடு அவன் எங்கள் பக்கத்துப் பையனாகிவிட்டான். அவன் பழுவேட்டரையரிடம் மாட்டிக்கொண்டபோது, ராணிப்பேட்டை பஸ்ஸைத் தவறவிட்ட உறவுக்காரப் பையனைப் பற்றிக் கவலைப்படுவது போலத்தான் கவலைப்பட்டார். பெரியவனான பிறகு திருவல்லம் போய், இறைவனுக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நந்தியைப் பார்த்தபோதும், மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எழுப்பிய சின்னப் பள்ளிப்படைக் கோயிலின் முன் நின்றபோதும், கல்வெட்டைவிட அத்தையின் குரல்தான் முதலில் கேட்டது. தக்கோலம் வழியாகப் போகும்போதெல்லாம் இங்கேதான் 949-இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் போரில் விழுந்தான் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பெரும்பாலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கை நின்றது

அத்தைக்குப் புத்தகங்களைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் உண்டு. கதை நன்றாகப் போனால் கை தன்னால் போகும். கதை சரியில்லை என்றால் இலையில் ஓட்டை கண்ணில் படும். ஆக, நல்ல கதை என்றால் அன்று ஆயிரம் தாண்டும். இதன்படி பார்த்தால் ராஜேஷ்குமார்தான் தமிழின் தலைசிறந்த எழுத்தாளர். ஆனால் இந்தக் கணக்கில் சேராத சில நாட்கள் உண்டு. கை நின்றுவிடும். இலை பாதி சுருண்டபடி விரல்களுக்குள் இருக்கும். தூள் சிந்தாமல் அப்படியே பிடித்துக்கொண்டு தெருவைப் பார்ப்பார். நானும் நிறுத்துவேன். "நீ ஏன் நிறுத்துகிறாய்?" என்பார்.

'அகல் விளக்'கில் ஒரு முறை நின்றது. அறிவுரைப் பத்திகள் வந்தால் அவரே "அது கிடக்கட்டும், அடுத்ததற்குப் போ" என்பவர்தான். வாலாஜாவும் பெருங்காஞ்சியும் பெயரோடு வருகின்றன என்பதால் கொஞ்சம் சலுகை, அவ்வளவே. அழகும் அறிவுமாக வந்த சந்திரன் கடைசியில் தொழுநோயோடு திரும்பும் இடத்தில் கை நின்றது. அத்தையின் பிறந்த ஊரில் ஒரு தாத்தா இருந்தாராம்; விரல்கள் மடங்கிப்போய், கஞ்சிக் கிண்ணத்தை மணிக்கட்டால் தூக்குவார். வாசலில் வைத்துத்தான் அவருக்குச் சோறு. பிறகு கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தபோது இரண்டு விரலால் வெற்றிலை மடித்துக்காட்டினார் என்று சொல்லி, அத்தை தன் விரல்களை விரித்துப் பார்த்தார். மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தலாம் என்று டாக்டர் பால் பிராண்டும் கூட்டாளிகளும் உலகத்துக்கே காட்டியது இந்த வேலூரில்தான் என்பதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. கைத்தொழில் செய்கிற ஒருவர், கை போன ஒருவனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் அன்று எனக்குத் தெரியவில்லை. மு.வ.வைப் பார்த்துச் சிரித்தபோது இந்தப் பிற்பகல் எனக்கு ஞாபகம் வரவே இல்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

ராஜேஷ்குமாரிலும் ஒரு முறை நின்றது, பெயர் நினைவில்லாத ஒரு நாவலில். கொலை, துப்பு எதுவும் இல்லை அந்தப் பக்கத்தில்; பிணக்கிடங்குக்கு வெளியே காத்திருக்கும் ஒரு மனைவி, கையில் இருக்கும் சில்லறையை எண்ணுகிறாள். மூன்று வரி. எழுதியவரே மறந்திருக்கக்கூடிய மூன்று வரி.

புளியமரத்தின் கதைக்கு வருகிறேன். அத்தை அதை எடுத்தது, பேய்க் கதை என்று நினைத்து. புளியமரம் என்று பெயர் வைத்தால் வேறு எப்படி நினைப்பார்கள்? முதல் நாள் முழுக்கப் பேய் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. ஆனால் தாமோதர ஆசான் வந்தார். இளவட்டங்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு அவர் பழைய கதைகளை அவிழ்க்கத் தொடங்கியதும் என் குரல் மாறிவிட்டது. மௌனமாகப் படித்து ஒரே நாளில் தோற்றுப்போன அதே பக்கங்கள் வாய்க்கு வந்ததும் ஓடத் தொடங்கின. இலக்கியம் என்று பயமுறுத்தப்பட்ட புத்தகத்துக்குள் ஒரு கிழவர் உட்கார்ந்து, என் அத்தையைப் போன்றவர்களுக்குத்தான் கதை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நாகர்கோவில் பேச்சில் சில சொற்கள் எங்களுக்குப் புரியவில்லை. அத்தை யூகித்துச் சொல்வார், தப்பாக இருந்தாலும் அந்த அர்த்தத்திலேயே மேலே போவோம். பதினாறு நாள் ஆனதற்குக் காரணம் கை அடிக்கடி நின்றதுதான். ஒரு நாள் அறுநூறு பீடியோடு எழுந்தார். கூலி குறைந்தது. அதற்கு மேல் மூன்று ரூபாய் அபராதம். அதை முடித்த மறுநாள் நோட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? ரமணிசந்திரன் இரண்டு, 'அ'.

இந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி ஏறியவர் மறுநாள் காலை கீழே வந்து வாசல் தெளித்திருக்கிறார். அவருக்கு அது மாடி என்று யாரும் சொல்லவில்லை.

நடுவில் நான் செய்த ஒரு சோதனையையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி டி.செல்வராஜ் எழுதிய 'தோல்' 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது, தோல் மாவட்டத்துக்காரன் என்ற உரிமையில் உடனே வாங்கி, மரியாதையோடு மௌனமாகப் படித்து அலமாரியில் வைத்திருந்தேன். நோட்டு கிடைத்த பிறகு அதைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாகப் படித்தேன். பேரணாம்பட்டுக்காரரான அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'யையும் அப்படியே. முதலாவதில் கூட்டம் கூட்டமாக மனிதர்கள் குரலில் ஏறினார்கள். இரண்டாவதில், சினிமாக்காரர்கள் கிண்டல் செய்தே பழக்கிய எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சு, கிண்டல் இல்லாமல், துக்கத்தோடு என் வாயில் வந்தது. முதல் வாசிப்பில் இது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மனைவி கதவைத் தட்டி யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள்.

குடியாத்தம்

அத்தை இப்போது குடியாத்தத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. கண்புரை எடுத்தும் எழுத்து தெரிவதில்லை. தொலைக்காட்சித் தொடர்களைக் கேட்கிறார், பார்ப்பதில்லை. போன மாதம் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். புளியமரத்தின் கதை ஞாபகம் இருக்கிறதா என்றேன். "பேய் வரும் வரும் என்று ஏமாற்றினாயே, அதுதானே? அந்த ஆசான் செத்தாரா, எங்கேயோ போனாரா?" என்றார். அப்புறம் என்னென்ன புத்தகம் பிடித்தது என்று மடக்கி மடக்கிக் கேட்டேன். காட்பாடியில் கேட்ட அம்மாளுக்கு ஒரு பதில் தேற்றிக்கொண்டு போகும் பேராசை எனக்கு. அத்தைக்கு அந்தக் கேள்வியில் சுவாரசியமே இல்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, நீதான் வேகமாகப் படிப்பாய் என்றார்.

பேசும்போது அவருடைய வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் புடவை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. நான் நோட்டைத் திறந்து எங்கள் பக்கத்தைப் படித்துக்காட்டினேன். தேதி, புத்தகம், 'பை', 'அ', 'சா' என்று. வரிசையாகப் பேர்களைக் கேட்டுக்கொண்டே வந்தவர், அபராதம் மூன்று ரூபாய், பாக்கி என்ற இடத்தில் முந்தானையை விட்டுவிட்டார்.

"பாக்கியா? அன்றைக்கே கட்டிவிட்டேனே. உன் எட்டணாவில் பிடித்துக்கொண்டு மீதியை நான் போட்டுக் கட்டினேன். அந்த மனிதர் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டு நோட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார்" என்றார். அவர் காலமாகிவிட்டார் அத்தை, கடையும் இல்லை என்றேன். "அதனால் என்ன? பேனா வைத்திருக்கிறாயா? அந்த இடத்தில் செல்லானது என்று எழுது" என்றார்.

எழுதினேன். சரியாக எழுதினேனா என்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்.